ஒழுங்குப் பிரச்சினை: எழுந்தவரை உடனே உட்காரச் சொல்வது ஏன்?

கேட்கப்பட்டது இதுதான். சட்டமன்றத்தில் ஒரு உறுப்பினர் "ஒழுங்குப் பிரச்சினை" என்று கையைத் தூக்கியபடி எழுகிறார். சபாநாயகர் "இதில் ஒழுங்குப் பிரச்சினை எதுவும் இல்லை, உட்காருங்கள்" என்கிறார். அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இப்படி எழுப்புவதால் என்ன பயன்? யார் வேண்டுமானாலும் எழுப்பலாமா? சபாநாயகர் தவறாக முடிவெடுத்தால் எங்கே போய் முறையிடுவது?

சில ஆண்டுகள் பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்குப் பிரச்சினை (point of order) என்றால், நடப்பது அவை விதிக்கு முரணானது என்று எழுப்பும் ஆட்சேபம். உட்காரச் சொல்லப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் எழுப்புவது ஒழுங்குப் பிரச்சினையே அல்ல. மறுப்புரைக்கு அந்தச் சட்டையை மாட்டிவிட்டு எழுகிறார்கள். அது அவர்களுக்கும் தெரியும், சபாநாயகருக்கும் தெரியும். அந்த அரை நிமிடம் மைக் கிடைத்தால் போதும் என்பதுதான் கணக்கு.

வித்தியாசத்தை ஒரு காட்சியாகப் பார்த்தால் எளிதாகப் புரியும். நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கை விவாதம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்கட்சி உறுப்பினர் பேசுகிறார்: "என் தொகுதியில் ஐந்து பாலங்கள் கட்டுவதாகச் சொன்னீர்கள், ஒன்றுகூட வரவில்லை." ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ஒருவர் துள்ளி எழுந்து, "ஒழுங்குப் பிரச்சினை! மூன்று பாலங்கள் கட்டி முடித்தாகிவிட்டது" என்கிறார். இது ஒழுங்குப் பிரச்சினை அல்ல. முன்னவர் சொன்ன எண்ணிக்கை தவறாகவே இருக்கட்டும், தவறான எண்ணிக்கையைச் சொல்லக்கூடாது என்று அவை விதி அந்த இடத்தில் குறுக்கே வராது. அமைச்சர் பதிலுரையில் திருத்திக்கொள்ளலாம். அதே எதிர்க்கட்சி உறுப்பினர் பேச்சை நீட்டி, "நிலம் எடுத்த வழக்கில் அந்த நீதிபதி ஏன் அப்படித் தீர்ப்பளித்தார் என்று எங்களுக்குத் தெரியும்" என்கிறார். இப்போது ஒருவர் எழுந்து, "அரசியலமைப்பின் 211-வது பிரிவின்படி உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் பணி நடத்தையை மாநிலச் சட்டமன்றத்தில் விவாதிக்கக் கூடாது" என்றால், அது அசல் ஒழுங்குப் பிரச்சினை. சபாநாயகர் அதை ஏற்றாக வேண்டும். பேசியவர் அந்தப் பேச்சைத் தொடர முடியாது.

சொல்வது உண்மையா பொய்யா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அதை இங்கே, இப்போது சொல்ல விதியில் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால்தான் விவரம் தெரிந்த சபாநாயகர் யார் எழுந்தாலும் முதலில் கேட்பது "எந்த விதியின் கீழ்?" என்று. விதி எண்ணைச் சட்டென்று சொல்லத் தெரிந்தவருக்கு இன்னும் இரண்டு நிமிடம் கிடைக்கும். தெரியாதவருக்கு மைக் அணைந்துவிடும்.

இந்த விதிகள் எங்கிருந்து வருகின்றன? அரசியலமைப்பின் 208-வது பிரிவு ஒவ்வொரு சட்டமன்றமும் தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது. விதி எண்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆனால் ஒழுங்குப் பிரச்சினையைப் பொறுத்தவரை உள்ளடக்கம் ஏறக்குறைய மக்களவையின் 376-வது விதியை ஒட்டியே இருக்கும். அவை விதிகளையோ, அவையின் நடவடிக்கைகளை ஒழுங்குபடுத்தும் அரசியலமைப்புப் பிரிவுகளையோ எப்படிப் பொருள் கொள்வது, எப்படி நிறைவேற்றுவது என்பது பற்றியதாக அது இருக்க வேண்டும். சபாநாயகரின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். தகவல் கேட்பதற்காக எழுப்பக் கூடாது. தன் நிலையை விளக்கிக்கொள்ளவும் எழுப்பக் கூடாது. தீர்மானத்தை வாக்குக்கு விடும் நேரத்தில் எழுப்பக் கூடாது. "நாளைக்கு இப்படி நடந்தால்?" என்ற கற்பனைக் கேள்வியும் ஆகாது. வாக்கெடுப்பு மணி அடிக்கவில்லை, அடித்தது காதில் விழவில்லை என்று சொல்லவும் கூடாது. அந்தக் கடைசி விலக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. எத்தனை பேர் மணியைச் சாக்கு சொல்லியிருந்தால் அதற்கென்று தனியாக ஒரு வரி எழுதியிருப்பார்கள்!

நேரம்தான் பலர் கோட்டைவிடும் இடம். அந்த நொடியில் அவை முன் எந்த அலுவல் இருக்கிறதோ அதைப் பற்றித்தான் எழுப்ப முடியும். நேற்று நடந்த பிழைக்கு இன்று எழுந்தால் செல்லாது. ஒரு அலுவல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் சபாநாயகர் அனுமதித்தால் எழுப்பலாம், அதுவும் அவை ஒழுங்கு அல்லது அலுவல் வரிசை பற்றியதாக இருந்தால் மட்டும். நேரமில்லா நேரத்தில், அதாவது கேள்வி நேரம் முடிந்ததும் அவசர விஷயங்களை எழுப்பும் இடைவெளியில் (zero hour), அவை முன் முறையான அலுவலே கிடையாது, ஆகவே ஒழுங்குப் பிரச்சினையும் கிடையாது என்பது நாடாளுமன்ற வழக்கம். கேள்வி நேரத்திலும் அனுமதிப்பதில்லை. தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் முதலில் நேரலைக்கு வந்ததே கேள்வி நேரம்தான். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களின் கண்ணில் படும் குறுக்கீடுகளில் பல, எப்படியும் ஏற்கப்பட முடியாத நேரத்தில் எழுபவை.

கள்ளக்குறிச்சி விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு 2024 ஜூனில் நடந்ததும் இந்த நேரச் சண்டைதான். கேள்வி நேரத்தை ஒத்திவைத்துவிட்டு உடனே விவாதிக்க வேண்டும் என்றது அதிமுக. கேள்வி நேரம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் சபாநாயகர் அப்பாவு. வாக்குவாதம் முற்றி வெளியேற்றம், அப்புறம் ஜூன் 26 அன்று கூட்டத்தொடரின் மீதி நாட்களுக்கு இடைநீக்கம். அந்த அளவு சாவு நடந்திருக்கும்போது நேரப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அது அரசியல் கேள்வி. கேள்வி நேரத்தை ஒதுக்கி வைப்பது அவையும் சபாநாயகரும் இசைந்தால் நடப்பது, தனி உறுப்பினரின் உரிமை அல்ல. அதை ஒழுங்குப் பிரச்சினையாக எழுப்பி வெல்ல முடியாது.

யார் எழுப்பலாம்? எந்த உறுப்பினரும். முதல் முறை வந்தவர், கட்சியில்லாத சுயேச்சை, யாராக இருந்தாலும் சரி. எழுப்பியதும் பேசிக்கொண்டிருப்பவர், அவர் முதலமைச்சராகவே இருந்தாலும், நிறுத்திக்கொள்ள வேண்டும். அவையில் தனி உறுப்பினர் ஒருவருக்கு இந்த அளவு அதிகாரம் தரும் கருவி வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. இதன்மேல் விவாதம் கிடையாது. சபாநாயகர் விரும்பினால் ஓரிருவர் கருத்தைக் கேட்கலாம், பிறகு தீர்ப்பு சொல்வார். அந்தத் தீர்ப்பு அவைக் குறிப்பில் ஏறும்; பல ஆண்டு கழித்து இன்னொரு சபாநாயகர் அதை முன்மாதிரியாகக் காட்டுவார். தோற்றுப்போன ஒழுங்குப் பிரச்சினைக்கும் அந்த வகையில் ஒரு பயன் உண்டு.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னும் இரண்டு உண்டு. உரிமைப் பிரச்சினை என்பது அவையின் அல்லது உறுப்பினரின் உரிமை மீறப்பட்டது என்ற புகார். அது எழுத்தில் வந்து உரிமைக் குழு வரை போகலாம். தன்னிலை விளக்கம் என்பது, தன் பெயரை இழுத்துப் பேசியதற்கு ஒருவர் சபாநாயகர் அனுமதியோடு சொல்லும் பதில். மூன்றுக்கும் கதவு வேறு வேறு.

வலுவான ஒழுங்குப் பிரச்சினைகளில் முதலிடம் நிறைவெண்ணுக்கு. 189-வது பிரிவின்படி மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது பத்து பேர், இதில் எது அதிகமோ அத்தனை பேர் அவையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 234 பேர், ஆகவே 24. மதிய உணவுக்குப் பிறகு அவை காலியாகக் கிடக்கும் நேரத்தில் ஒருவர் எழுந்து எண்ணிக்கையைக் காட்டினால் சபாநாயகருக்கு வேறு வழி கிடையாது. ஒத்திவைக்க வேண்டும், அல்லது ஆள் சேரும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். மணி அடிக்கும், உணவகத்திலிருந்தும் தாழ்வாரத்திலிருந்தும் ஆட்கள் ஓடி வருவார்கள். அடுத்தது நிதி சார்ந்த மசோதாக்கள். வரி, அரசின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு போன்றவற்றைத் தொடும் மசோதாவுக்கு 207-வது பிரிவின்படி ஆளுநரின் பரிந்துரை தேவைப்படும். அது இல்லாமல் கொண்டுவந்தால் அந்த இடத்திலேயே மடக்கலாம்.

எழுந்தாலும் வெல்ல முடியாததற்கு ஒரு உதாரணம் விதி 110. பொது முக்கியத்துவம் வாய்ந்த விஷயத்தில் அமைச்சர் அறிக்கை படிக்கலாம், அதன்மேல் விவாதம் கூடாது என்கிறது தமிழ்நாடு பேரவையின் இந்த விதி. ஜெயலலிதா 2011-க்குப் பிறகு வரிசையாக இதன்கீழ் திட்டங்களை அறிவித்ததால் டீக்கடை வரை தெரிந்த எண் ஆகிவிட்டது. நிதி எங்கிருந்து வரும் என்று எதிர்க்கட்சி எழுந்தால் "110-ன்கீழ் கேள்வி கிடையாது" என்று பதில் வரும். விதிப்படி அது சரியான பதில்தான். விதியை இப்படித் தினப்படி பழக்கமாக்கலாமா என்பது வேறு, என் கருத்தில் கூடாது.

ஒரே ஒரு ஒழுங்குப் பிரச்சினை ஒரு அரசின் ஆயுளை எப்படி நீட்டும் என்று பார்க்க வேண்டுமானால் பெங்களூருக்குப் போக வேண்டும். 2019 ஜூலை 18, வியாழக்கிழமை. கர்நாடக முதலமைச்சர் குமாரசாமி தன் அரசின்மேல் நம்பிக்கை கோரும் தீர்மானத்தைக் கொண்டுவருகிறார். காங்கிரஸ், மதச்சார்பற்ற ஜனதா தளக் கூட்டணியின் அதிருப்தி உறுப்பினர்கள் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு மும்பையில் இருக்கிறார்கள். முந்தைய நாள்தான் உச்ச நீதிமன்றம் ஒரு இடைக்கால உத்தரவு போட்டிருந்தது: ராஜினாமா மேல் சபாநாயகர் தனக்கு உகந்த காலத்தில் முடிவெடுக்கலாம், ஆனால் ராஜினாமா கொடுத்து வழக்குப் போட்ட அந்த 15 பேரை அவைக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. விவாதம் சூடு பிடிப்பதற்குள் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் சித்தராமையா எழுந்து ஒழுங்குப் பிரச்சினை எழுப்புகிறார்.

அவர் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும். பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், கொறடா உத்தரவு (இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று தன் உறுப்பினர்களுக்கு இடும் கட்டளை) போடும் உரிமையைக் கட்சிக்குத் தருகிறது. இந்த இடைக்கால உத்தரவு அந்த உரிமையைத் தொடுகிறது. அந்த வழக்கில் என்னைச் சேர்க்கவே இல்லை. கொறடா உத்தரவு செல்லுமா செல்லாதா என்று தெரியாமல் நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்துவது முறையா? முதலில் இதற்குத் தீர்ப்பு சொல்லுங்கள், அதுவரை தீர்மானத்தைத் தள்ளி வையுங்கள்.

கவனியுங்கள், இதில் அலங்காரம் எதுவும் இல்லை. அவை முன் இருக்கும் அலுவல் நம்பிக்கைத் தீர்மானம். கேள்வி அதைப் பற்றியதே. அரசியலமைப்பின் அட்டவணையை எப்படிப் பொருள் கொள்வது என்பது அதன் உள்ளடக்கம். சபாநாயகர் ரமேஷ் குமாரால் "உட்காருங்கள்" என்று தள்ள முடியாது. தள்ள அவர் விரும்பினாரா என்பதும் சந்தேகம்தான். அரசுத் தலைமை வழக்கறிஞரைக் கலந்து பேசுகிறேன் என்றார். பாஜகவினர் இது நேரம் கடத்தும் வேலை என்று கொதித்தார்கள். அன்றிரவு அவைக்குள்ளேயே தலையணை போட்டுப் படுத்தார்கள். ஆளுநர் வஜுபாய் வாலா மறுநாள் மதியம் ஒன்றரை மணிக்குள் முடியுங்கள் என்று கடிதம் எழுதினார், பிறகு மாலை ஆறு மணி என்றார். இரண்டு கெடுவும் கடந்தன. திங்கட்கிழமை சபாநாயகர் ஒழுங்குப் பிரச்சினைமேல் தீர்ப்புரைத்தார்: கொறடா உத்தரவு போடும் உரிமை கட்சித் தலைவருக்கு அப்படியேதான் இருக்கிறது. செவ்வாய், ஜூலை 23 அன்று வாக்கெடுப்பு. ஆதரவு 99, எதிர்ப்பு 105. அரசு கவிழ்ந்தது.

அது தந்திரமா, சட்டக் கேள்வியா? இரண்டும்தான். நேரம் வாங்கியது நிஜம். ஆனால் கொறடா உத்தரவு உயிரோடு இருக்கிறது என்ற அந்தத் தீர்ப்புரை வெறும் காகிதமாகப் போகவில்லை. வராமல் இருந்தவர்களைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம் தகுதி நீக்கத்தை ஏற்றது, அந்தப் பேரவையின் காலம் முடியும்வரை அவர்கள் போட்டியிடக் கூடாது என்ற பகுதியை மட்டும் அடித்தது.

இனி கடைசிக் கேள்வி. சபாநாயகர் தவறு செய்தால்? அவைக்குள் மேல்முறையீடு கிடையாது. அவர் தீர்ப்பை எதிர்த்து விவாதிக்கவும் கூடாது. இருக்கும் ஒரே வழி 179-வது பிரிவின்படி அவரையே நீக்கக் கோருவது. பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். வந்திருப்பவர்களில் அல்ல, அப்போதுள்ள எல்லா உறுப்பினர்களிலும் பெரும்பான்மை வேண்டும். 234 இடமும் நிரம்பியிருந்தால் 118. அந்தத் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படும்போது அவர் தலைமை வகிக்கக் கூடாது என்கிறது 181-வது பிரிவு.

தமிழ்நாட்டில் இதன் இரண்டு முகங்களும் நடந்திருக்கின்றன. 1972 டிசம்பர் 2 அன்று சபாநாயகர் மதியழகனை நீக்கும் தீர்மானம் வந்தபோது அவர் இருக்கையை விட்டு எழவில்லை. துணை சபாநாயகர் சீனிவாசன் அருகே வேறொரு நாற்காலியில் உட்கார்ந்து அவையை நடத்தினார். ஒரே அவைக்கு ஒரே நேரத்தில் இரண்டு தலைமை! மதியழகனின் பதவி அன்றோடு போனது. 2017-ல் நடந்தது வேறு மாதிரி. பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பில் ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று திமுகவும் ஓ. பன்னீர்செல்வம் அணியும் கேட்டன. சபாநாயகர் தனபால் மறுத்தார். நாற்காலிகள் பறந்தன, மைக்குகள் உடைந்தன, திமுகவினரை அவைக் காவலர்கள் தூக்கி வெளியேற்றினார்கள். அதன்பின் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள்: 122-க்கு 11. மறுத்தது சரியா என்று என்னைக் கேட்டால், சரி என்பேன். யார் எப்படி வாக்களித்தார் என்று தெரியாவிட்டால் கொறடா உத்தரவுக்கு என்ன அர்த்தம்? ஆனால் எதிர்க்கட்சி வரிசையைக் காலி செய்துவிட்டு நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்திய விதம் அழகல்ல. அடுத்த மாதம் திமுக தனபாலை நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தது. அவர் முறைப்படி எழுந்து போனார். துணை சபாநாயகர் பொள்ளாச்சி ஜெயராமன் நடத்தினார். ஆதரவு 97, எதிர்ப்பு 122. தோற்றது.

நீதிமன்றம்? 212-வது பிரிவு, நடைமுறைப் பிழை என்ற காரணத்துக்காக அவை நடவடிக்கையின் செல்லுந்தன்மையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது. விதியைத் தப்பாகப் படித்தார் என்று வழக்குப் போட்டால் நிற்காது. ஆனால் நடைமுறைப் பிழை வேறு, சட்டத்துக்கே புறம்பானது வேறு. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2007-ல் ராஜா ராம் பால் வழக்கில் விரிவாகச் சொன்னது. பின்னதை நீதிமன்றம் பார்க்கலாம். தடை செய்யப்பட்ட குட்கா பொட்டலங்களை 2017 ஜூலையில் அவைக்குள் காட்டியதற்காகத் திமுக உறுப்பினர்களுக்கு அனுப்பிய உரிமை மீறல் நோட்டீஸைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் ரத்து செய்ததும், அதில் அடிப்படைப் பிழை இருக்கிறது என்றுதான். புதிதாக நோட்டீஸ் அனுப்பத் தடையில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. அப்படியே அனுப்பினார்கள், வழக்கும் நீண்டது.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒழுங்குப் பிரச்சினை வென்றால் பெரும்பாலும் கிடைப்பது இதுதான்: "அந்த வார்த்தையை அவைக் குறிப்பிலிருந்து நீக்குகிறேன்." நீக்கிய சொல் பேசப்படாத சொல் என்று கணக்கு. பீகார் பேரவையில் 1957-ல் நீக்கப்பட்ட பகுதிகளோடு ஒரு உரையைப் பாட்னாவின் சர்ச்லைட் நாளிதழ் முழுதாக அச்சிட, ஆசிரியர் சர்மா மேல் உரிமை மீறல் நடவடிக்கை வந்தது. 1958-ல் உச்ச நீதிமன்றமும் பேரவையின் பக்கமே நின்றது. செய்தித்தாளில் "உறுப்பினர் ஒரு கருத்தைத் தெரிவித்தார், அது அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது" என்று மொட்டையாக வருவதற்கு அதுதான் காரணம். நாங்கள் மாடத்தில் இருந்த காலத்தில், எழுதிய வரியை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவோம். இப்போது நேரலை ஓடும் நேரமாக இருந்தால், சபாநாயகர் "நீக்குகிறேன்" என்று வாயெடுப்பதற்குள் அந்தச் சொல் பத்து வாட்ஸ்அப் குழுக்களைத் தாண்டியிருக்கும்.